சட்டென்று திறந்த வரைபடம்

மின்சாரம் போனால் நுரைச்சோலைக்காரருக்கு வருகிற கோபம் வேறு ஊர்க்காரருக்கு வராது. மர்ளியாவின் வீட்டுக் கிணற்றடியில் நின்று பார்த்தால் வெங்காயத் தோட்டத்துக்கு அப்பால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி தெரியும். நாட்டுக்கே வெளிச்சம் போகிற இடம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். 2022-இல் இலங்கை முழுக்கப் பகலிலும் இரவிலும் மின்சாரத்தை நிறுத்தி நிறுத்திக் கொடுத்த நாள்களில், அவள் அந்தப் புகைபோக்கியைப் பார்த்தபடி, அணைந்துபோன மடிக்கணினியோடு எத்தனையோ தடவை உட்கார்ந்திருக்கிறாள்.

அவளுடைய வாப்பா முத்தலிபு மணல் தரையில் வெங்காயமும் மிளகாயும் போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மூத்தவன் ஃபஸ்லானுக்குப் படிப்பு ஏறவில்லை. ஓட்டோ ஓட்டப் போனான். மர்ளியா கொழும்பில் கணினி படித்து, அங்கேயே ஒரு சின்ன நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். கொரோனாக் காலத்தில் வீட்டிலிருந்து வேலை செய்யுங்கள் என்று அனுப்பினார்கள். பிறகு நிறுவனம் வாடகைக் கட்டடத்தையே விட்டுவிட்டது. அவள் ஊரோடு தங்கிவிட்டாள்.

"மகள் வீட்டுக்குள்ள இருந்து என்ன வேலை செய்றா?" என்று அக்கம்பக்கத்தில் கேட்டால், அவளுடைய உம்மா ரபியா தயங்காமல், "றோட்டு வேலை" என்பார். கேட்டவர்கள் முழிப்பார்கள். "கம்ப்யூட்டருக்குள்ள றோட்டுப் போட்டு, அதுல வாகனம் ஓட விடுறா. எங்க நெருக்கடி வரும்னு முன்னாலயே பார்க்கத்தான்."

மர்ளியாவே சொன்னாலும் அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டாள். ஓர் ஊரின் தெருக்களையும் சந்திகளையும் மென்பொருளுக்குள் ஏற்றி, லொறி, பஸ், ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாவற்றையும் அதில் அவிழ்த்துவிட்டால், எந்தச் சந்தி எந்த நேரத்தில் இறுகும் என்று திரையில் தெரியும். புதுப் பாலம் கட்டவோ பாதையை ஒருவழியாக்கவோ நினைப்பவர்கள் காசைக் கொட்டுவதற்கு முன் அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்த மென்பொருள் ஓடத் தொடங்கிவிட்டால் ஒரு குறையும் சொல்ல முடியாது. தொடங்குவதுதான் பெரும்பாடு. ஒவ்வொரு தடவையும் தெரு வரைபடம் முழுவதையும் அடியிலிருந்து வாசிக்கும். எந்தத் தடம் எந்தத் தடத்தோடு சேர்கிறது, எங்கே திரும்பலாம், எங்கே திரும்பக் கூடாது என்று ஒவ்வொரு சந்தியாக விளங்கிக்கொள்ளும். அரை மணி நேரத்துக்கு மேல் போய்விடும். கொழும்பில் அது பெரிய விசயமல்ல. தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். நுரைச்சோலையில், மின்சாரம் வந்து, இயந்திரம் உயிர்பெற்று, வரைபடம் விரிந்து, முதல் வாகனம் அசையப் போகிற நேரம் பார்த்து மறுபடியும் மின்சாரம் போகும். பழைய மின்கலம் அதிக நேரம் தாங்காது. எல்லாம் முதலிலிருந்து.

நிறுவனத்தின் சொந்தக்காரர் கீர்த்திகன் யாழ்ப்பாணத்தவர். கத்தாத மனிதர். ஒருநாள் தொலைபேசியில் அவளிடம் சொன்னார்.

"மர்ளியா, வெளிநாட்டு ஆக்கள் ஒரு கூட்டம் எங்கட சாமானைப் பாக்க வரப்போயினம். திறக்கிறதுக்கே இவ்வளவு நேரமெண்டால் கதிரையை விட்டு எழும்பிப் போயிடுவினம். தொடங்குற நேரத்தைக் குறைக்க ஏதும் வழி இருக்கோ?"

வழி அவள் மனத்தில் ஏற்கெனவே இருந்தது. மின்சாரம் அவளை அப்படி யோசிக்க வைத்திருந்தது. மென்பொருள் ஒருதடவை வாசித்து விளங்கிக்கொண்டதை அப்படியே ஒரு தனிக் கோப்பில் சேமித்து வைத்துவிட்டால், அடுத்த தடவை வரைபடத்தைத் தொடவே தேவையில்லை. சேமித்ததை அள்ளி எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கலாம். மின்சாரம் கிடைத்த பொழுதுகளில் எழுதி எழுதி, ஒருநாள் முற்பகல் ஓட்டிப் பார்த்தாள். பொத்தானை அழுத்திய கை எடுபடுவதற்குள் புத்தளம் நகரம் திரையில் விரிந்தது. தெருக்களில் வாகனங்கள் ஊர்ந்தன. மர்ளியா கதிரையில் இருந்தபடியே கை தட்டினாள். உம்மா குசினியில் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, கரண்ட் வந்திட்டா?" என்று கேட்டார்.

ஒரேயொரு விசயத்தை அவள் பிறகு பார்க்கலாம் என்று விட்டாள். வரைபடத்தில் யாராவது மாற்றம் செய்தால், சேமித்த கோப்பு பழசாகிவிடும். மாற்றம் நடந்ததா என்று ஒவ்வொரு தடவையும் சரிபார்ப்பதென்றால் வரைபடத்தை மறுபடியும் வாசித்து ஒப்பிட வேண்டும். குறைத்த நேரத்தில் ஒரு பங்கு திரும்பவும் கூடிவிடும். திறக்கும் நேரமாகக் கிடைத்த அந்தச் சின்ன எண்ணைக் கெடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. வரைபடத்தை மாற்றுகிறவள் பெரும்பாலும் அவள்தான். மாற்றும்போதெல்லாம் பழைய கோப்பை அவளே அழித்துவிடுவாள். மற்றவர்களிடம் சொல்ல வேண்டுமென்று நினைத்தாள். கீர்த்திகன் பாராட்டிய சந்தோசத்தில் அது பேச்சில் வரவேயில்லை.

அந்த நேரம் எண்ணெய்த் தட்டுப்பாட்டால் நாடெங்கும் பெற்றோல் வரிசை. புத்தளம் நகரத்திலும் எண்ணெய் நிரப்பும் ஷெட்டைச் சுற்றி வாகனங்கள் நாள்கணக்காக நின்றன. வரிசையை எந்தத் தெருவழியாக நிறுத்தினால் நகரம் அடைபடாமல் இருக்கும் என்று தெரியாமல், கடைக்காரரும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்த ஒரு குழு தவித்தது. கீர்த்திகன் இலவசமாகவே செய்து தருகிறேன் என்றார். வெளிநாட்டாரிடம் காட்ட நல்லதொரு உதாரணமாகவும் இருக்கும். நகரத்து வரைபடத்தை மர்ளியா ஏற்கெனவே ஏற்றியிருந்தாள். சேமித்த கோப்பையும் சேர்த்து அவருக்கு அனுப்பினாள்.

குழுவோடு இணையவழிக் கூட்டம் நடந்த நாளில் நுரைச்சோலையில் மின்சாரம் இல்லை. கீர்த்திகனே கொழும்பிலிருந்து நடத்தினார். பேச்சின் நடுவே ஒரு கடைக்காரர், ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் பாதையில் மழைநீர் ஓடக் கான் வெட்டுகிறார்கள், ஒரு பக்கம் முழுக்கக் கிண்டிப் போட்டிருக்கிறது என்று சொன்னார். கீர்த்திகன் உடனே வரைபடத்தில் அந்தப் பக்கத்தை மூடி, மென்பொருளைத் திறந்தார். அது சட்டென்று திறந்தது. வரிசையை அந்தப் பாதையில் நிறுத்தினாலும் வாகனங்கள் போய்வரலாம் என்று காட்டியது. மற்றத் தெருக்களைவிட அதுதான் நல்லது என்று குழு தீர்மானித்தது. பின்னேரம் அவர் மர்ளியாவை அழைத்து, "உங்கட வேகம்தான் இண்டைக்கு மானத்தைக் காப்பாத்தினது" என்றார். அவளுக்கு அன்று முழுக்க முகத்தில் சிரிப்பு.

ஃபஸ்லானின் மனைவி பரீனா அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி வருசங்கள் காத்திருந்து தங்கிய பிள்ளை. ஃபஸ்லான் அந்த நாளுக்கென்றே ஒரு போத்தல் பெற்றோலை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். கூட்டம் நடந்து சில நாள்களில், நண்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு பரீனாவுக்கு வலி கண்டது. உம்மாவும் மர்ளியாவும் அவளை நடுவில் வைத்து ஓட்டோவில் ஏறினார்கள். புத்தளத்துக்குப் போகும் வழியில் பாலாவி வரை பாதை வெறிச்சென்று கிடந்தது. நாட்டில் ஓடுவதற்கு எண்ணெய் யாரிடம் இருந்தது? ஃபஸ்லான் காற்றாய்ப் பறந்தான்.

ஆஸ்பத்திரிப் பாதையில் திரும்பியதும் ஓட்டோ நின்றது.

இடது பக்கம் வரிசை. லொறி, வேன், உழவு இயந்திரம், ஓட்டோ. வலது பக்கம் கானுக்குக் கிண்டிய குழியும் மண்மேடும். நடுவில் எஞ்சிய ஒடுக்கத்தில் ஒரு பஸ்ஸும் ஒரு லொறியும் முகத்துக்கு முகம் மாட்டிக்கொண்டு நின்றன. பின்னால் வந்த வாகனங்கள் திரும்பிப் போகவும் இடமில்லாமல் பண்ணிவிட்டன.

ஃபஸ்லான் இறங்கி ஓடினான். "நானா, கொஞ்சம் எடுங்க! மல்லி, பொட்டக் அயின் கரண்ட!" என்று தமிழிலும் சிங்களத்திலும் அதையே சொல்லிக் கெஞ்சினான். எடுக்க எல்லோருக்கும் மனம் இருந்தது. ஆனால் வரிசையில் நின்ற வாகனங்களில் பாதிக்கு மேல் ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. ஆம்பிளைகள் கூடி ஒவ்வொன்றாகக் கையால் தள்ளினார்கள்.

"மாமி, ஏலா. என்னால ஏலா" என்று பரீனா உம்மாவின் கையை இறுக்கினாள்.

வரிசையில் நின்ற ஒரு வேனிலிருந்து ஒரு சிங்களப் பெண் இறங்கி வந்தாள். ஒன்றும் கேட்காமல் வேனுக்குள் கிடந்த விரிப்பை எடுத்து ஓட்டோவின் ஒரு பக்கத்தை மறைத்தாள். மறு பக்கத்தை மர்ளியா தன் துப்பட்டியை விரித்து மறைத்துப் பிடித்தாள். பிள்ளையின் தலை வந்துவிட்டது. தோள் வரவில்லை. பரீனாவின் குரலும் தேய்ந்துகொண்டு போனது. ரபியா பிள்ளை பெற்றவர்தானே தவிர, பிரசவம் பார்த்தவர் அல்ல. "யா அல்லாஹ்" என்று சொல்லிப் பிள்ளையைப் பற்றி இழுத்தார்.

ஆண் பிள்ளை. உடனே அழவில்லை. அந்தச் சிங்களப் பெண் முதுகைத் தேய்க்கத் தேய்க்க, கடைசியில் மெல்லியதாக ஒரு சத்தம் வந்தது. கடைசி லொறியையும் தள்ளி வழி விட்டபோது ஓட்டோவுக்குள் எல்லாம் முடிந்திருந்தது.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் பிள்ளையின் இடது கை அசையவில்லை. பிறக்கும்போது தோளிலுள்ள நரம்பு இழுபட்டிருக்கிறது, பயிற்சி செய்துகொண்டே வாருங்கள், பல பிள்ளைகளுக்குச் சரியாகிவிடும், இந்தப் பிள்ளைக்கு எவ்வளவு வருமென்று இப்போது சொல்ல முடியாது என்றார் டொக்டர். அஹமட் என்று பெயர் வைத்தார்கள். பாலூட்டும்போது வலது கை தாயின் உடுப்பைப் பற்றும். இடது கை துணிபோலத் தொங்கும்.

ரபியா அதற்குப் பிறகு வேறு ஆளாகிவிட்டார். பேரனைத் தூக்கச் சொன்னால், குசினியில் வேலை இருக்கிறது என்பார். சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுவார். ஒருநாள் மர்ளியா கிணற்றடிக்குப் போனபோது, அவர் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் புள்ள இழுத்த. டொக்டர் என்ன சொன்னார்? இழுபட்டிருக்குன்னார். இழுத்தது இந்தக் கைதானே."

"இழுக்காட்டி பிள்ளையே தங்கியிருக்காது உம்மா" என்று மர்ளியா சொன்னாள். உம்மாவின் காதில் அது ஏறவில்லை.

இரண்டு மாதம் கழிந்திருக்கும். வெளிநாட்டாரிடம் காட்ட, மென்பொருளின் வேகத்தை அளந்து தரும்படி கீர்த்திகன் கேட்டார். திரைக்குள் ஒரு மணித்தியாலப் போக்குவரத்து ஓடி முடிய, நிஜத்தில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் அளவு. மர்ளியா இதில் கவனமானவள். மின்கலத்தில் ஓடினால் இயந்திரம் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும் என்பதால், மின்சாரம் இருக்கும்போது மட்டும் அளப்பாள். முதல் ஓட்டத்தை நம்பாமல் பல தடவை ஓட்டி நடுவெண்ணை எடுப்பாள். ஒவ்வொரு வரைபடமாக அளந்துகொண்டு வந்தவள், குழுவுக்காகக் கீர்த்திகன் கடைசியாகத் திருத்தி அனுப்பியிருந்த புத்தளம் வரைபடத்தையும் எடுத்தாள்.

திருத்துவதற்கு முந்திய வரைபடமும் திருத்திய வரைபடமும் ஒரே வேகம் காட்டின. மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

அப்படி இருக்க முடியாது. ஒரு பக்கம் மூடினால் வாகனங்கள் தேங்கும். தேங்கினால் ஒரே நேரத்தில் தெருவில் நிற்கிற வாகனம் கூடும். ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிருப்பதால் ஓட்டம் மந்தமாக வேண்டும். அவள் வாகனங்களின் தொகையைப் பார்த்தாள். அதுவும் ஒன்றே. கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து, சன்னலோரம் போய் நின்று, திரும்பி வந்தாள். சேமித்த கோப்பை அழித்துவிட்டு மறுபடியும் தொடங்கினாள்.

இந்தத் தடவை மென்பொருள் பழையபடி மெதுவாகத் திறந்தது. மின்சாரம் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டு காத்திருந்தாள். போய்விட்டாலும் நல்லதுதான் என்றும் ஒரு மனம் சொன்னது. போகவில்லை. வாகனங்கள் புறப்பட்டன. ஆஸ்பத்திரிப் பாதையில் வரிசை ஒதுங்கி நின்றது. ஒடுக்கத்தில் ஒரு பஸ் நுழைந்தது. எதிரே ஒரு லொறி. இரண்டும் நின்றன. பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. பாதை முழுக்கச் சிவப்பாகியது. அந்தச் சிவப்பின் நடுவே தான் துப்பட்டியை விரித்துப் பிடித்து நின்ற இடம் எதுவென்று அவளுக்குத் தெரியும்.

கீர்த்திகனுக்கு அழைப்பெடுத்துச் சொன்னாள். அவர் நடந்ததைத் தானே ஒருதடவை சொல்லிப் பார்த்தார்.

"நான் வரைபடத்தை மாத்தினனான். அது பழசைத் திறந்திட்டுது. அப்பிடித்தானே?"

"ஓம் அண்ணா. பழைய கோப்பை அழிக்கணும்னு நான் உங்களுக்குச் சொல்லல்ல. தானா சரிபார்க்கிற மாதிரியும் எழுதல்ல."

"இப்ப அந்த வரிசையை வேற பக்கம் மாத்திப்போட்டினம். கானும் மூடியாச்சு. இனி இதைக் கிளறி என்ன வரப்போகுது, மர்ளியா?"

"நாம வெளிநாட்டுக்குக் குடுக்கப்போறதும் இதே சாமான்தானே. அங்கயும் ஒருத்தர் பாதையை மூடுவார். அங்கயும் இது திறந்துதான் இருக்குன்னு சொல்லும்."

"சரிபாக்கிறதைச் சேத்தால் எவ்வளவு கூடும்?"

அவள் சொன்னாள். வெளிநாட்டாருக்குத் திறக்கும் நேரமாகச் சொல்லியிருந்ததைவிட அதிகம். அவர் பெருமூச்சு விட்டது கேட்டது.

"ஆறு பேர் இதை நம்பி இருக்கினம். நீங்களும் ஒராள். முதல்ல சாமானைக் குடுப்பம், பிறகு திருத்துவம்."

"பிறகு திருத்தலாம்னுதான் நானும் நினைச்சேன்" என்றாள் மர்ளியா. "எங்கட வீட்டுப் பிள்ளைக்குக் கை தூக்க ஏலாம இரிக்கு அண்ணா. அந்த வரிசைலதான் அவன் பிறந்தான்."

அவருக்கு அது அதுவரை தெரியாது. நுரைச்சோலையில் ஒரு பிள்ளை பிறந்தது தெரியும். எங்கே எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

"எழுதுங்கோ" என்றார். "சரிபாக்கிறதை எழுதுங்கோ. என்ன நடந்ததெண்டதையும் உண்மையா எழுதித் தாங்கோ. அவையளுக்கும் குழுவுக்கும் நான் அனுப்புறன்."

அனுப்பினார். குழுவில் சிலர் திட்டினார்கள், சிலருக்கு விளங்கவேயில்லை. வெளிநாட்டார் மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு வேறு நிறுவனத்திடம் போனார்கள். சில மாதங்களில் இருவர் வேலையை விட்டார்கள். கீர்த்திகன் மர்ளியாவை ஒருபோதும் குறை சொல்லவில்லை. ஆனால் முன்போல வேலை முடிந்த பிறகும் நின்று கதைக்கிற வழக்கம் நின்றுபோனது.

வீட்டில் சொல்வதுதான் அவளுக்குக் கடினமாக இருந்தது. சொல்லாமலும் இருந்துவிடலாம்; யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. உம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்ற நிற்பு அவளை விடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் சாப்பிட்டு இருந்தபோது சொன்னாள். கோப்பு, தடம் என்றெல்லாம் சொல்லாமல், "பாதை அடைபடும்னு காட்ட வேண்டிய மெசின் அடைபடாதுன்னு காட்டிட்டு. அது நான் செஞ்ச பிழை" என்றாள். ஏன், எப்படி என்று அவர்கள் கேட்கக் கேட்க விளக்கினாள்.

ஃபஸ்லான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் அண்டைக்கு ஒவ்வொருத்தர்ர காலிலயும் விழுந்தேன்" என்றான். பிறகு எழுந்து வெளியே போனான். ஓட்டோவில் போக எண்ணெய் இல்லாததால் கால்நடையாகவே கடற்கரைப் பக்கம் போவது தெரிந்தது.

உம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்ப பாதை தொறந்து இருந்தா, நான் இழுக்கத் தேவப்பட்டிருக்காது?"

"ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்திருப்போம் உம்மா. அங்க பழகின ஆக்கள் பார்த்திருப்பாங்க."

ரபியா அழத் தொடங்கினார். இத்தனை நாளும் அழாதவர் முந்தானையை முகத்தில் பொத்திக்கொண்டு குலுங்கினார். வாப்பா எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். உம்மா தன் பாரம் இறங்கி அழுகிறாரா, மகளுக்காக அழுகிறாரா என்று மர்ளியாவுக்குத் தெரியவில்லை.

பரீனா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"மெசின் சரியாச் சொல்லியிருந்தா வரிசையை எங்க போட்டிருப்பாங்க?"

"தெரியா மச்சி. வேற தெருவுல."

"அங்கயும் யாராச்சும் ஒருத்தி வலியோட போயிருப்பா."

"மத்தத் தெருக்கள்ல ரெண்டு பக்கமும் பாதை இருந்திச்சு. போயிருப்பா" என்றாள் மர்ளியா. பரீனா தந்த அந்த ஆறுதலை எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை.

பரீனா அவளை நேராகப் பார்த்தாள். "எனக்கு இப்ப உங்களோட என்ன கதைக்கிறதுன்னு வருதில்ல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். அந்தக் கிழமை முழுக்க ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒதுங்கியே நடந்தார்கள். ஃபஸ்லான் தங்கச்சி வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் போவான். உம்மா மட்டும் பேரனைத் தூக்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்த கிழமை பிள்ளையைப் பயிற்சிக்குக் கொண்டுபோகிற நாள். ஃபஸ்லானுக்கு எண்ணெய் கிடைத்து வாடகை ஓட்டம். பரீனா வெளிக்கிட்டு வாசலில் நின்று, மர்ளியாவின் அறைப் பக்கம் திரும்பாமலே, "பஸ்ஸுல போகணும். சாமான் பையும் இரிக்கு. ஒராளால ஏலா" என்றாள்.

மர்ளியா மடிக்கணினியை மூடிவிட்டு எழுந்தாள்.

பயிற்சி சொல்லிக் கொடுக்கிற பெண், சின்னத் தோளை ஒரு கையால் அழுத்திப் பிடித்து, மறு கையால் பிள்ளையின் முழங்கையை மெல்ல மெல்ல மேலே தூக்கிக் காட்டினாள். அஹமட் வீறிட்டான். பரீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வீட்டில் தினமும் செய்ய வேண்டும். யார் செய்வீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இவங்க செய்வாங்க. என்னால பார்க்க ஏலா" என்றாள் பரீனா.

அன்றிலிருந்து மர்ளியா செய்கிறாள். அஹமட் அவளைக் கண்டாலே முதலில் அழுதான், பிறகு பழகிவிட்டான். ஒரு வருசம் போனபோது இடது கை நெஞ்சளவு உயர்ந்தது. தலைக்கு மேலே இன்னும் போகவில்லை. போகுமா என்று கேட்டால் டொக்டர் இன்னும் பார்ப்போம் என்கிறார். ஃபஸ்லான் தங்கச்சியோடு இப்போது கதைக்கிறான், தேவைக்கு மட்டும். கீர்த்திகனின் நிறுவனம் சுருங்கிச் சுருங்கி மூடிவிட்டது. மர்ளியா வேறோர் இடத்துக்கு, அதே மாதிரி வேலைக்கு, வீட்டிலிருந்தே எழுதுகிறாள். அங்கே திறக்கிற நேரத்தைப் பற்றி யாராவது முறையிட்டால் அவள் பதில் சொல்ல அவசரப்படுவதில்லை.

பின்னேரங்களில் அவள் பாயை விரித்து அஹமட்டைப் படுக்க வைத்து, தோளைப் பிடித்துக் கையைத் தூக்குவாள். பரீனா வெங்காயம் உரித்தபடி கதவடியில் இருப்பாள்.

"கை இண்டைக்குக் கொஞ்சம் கூடவா மச்சி?"

"நேத்து மாதிரித்தான்" என்பாள் மர்ளியா. கூடவில்லையென்றால் கூடியதாக அவள் சொல்வதில்லை.